மீசை கடைசியில்தான்

"இன்னிக்கும் எடுத்துடறீங்களா சார்?"

கேட்டவர் ஓவிய வகுப்பின் பணியாளர். கண்ணாடிக்காரர், வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, சற்று முன்பு தன் கையாலேயே வரைந்து முடித்த மீசையின் இடது பாதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரத்து மீசையை விட இது எவ்வளவோ தேவலை சார். மாஸ்டரே பாராட்டினாரே."

"அதான் பாராட்டியாச்சே. இனிமே இது எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வலது பாதிக்குத் தாவினார்.

ஓவிய வகுப்பைத் திறந்து பூட்டுவதும், பிரஷ்களைக் கழுவி வைப்பதும் அந்தப் பணியாளரின் வேலை. மூக்கு வரவில்லையே என்று அழுத மாணவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஆத்திரத்தில் கேன்வாஸைக் கிழித்தவர்களையும் பார்த்திருக்கிறார். ஆனால் வாராவாரம் ஒழுங்காக மீசை வரைந்து, மாஸ்டரிடம் காட்டி, நல்ல பேர் வாங்கி, வீட்டுக்குக் கிளம்பும்போது அதை மழுங்க வழித்துவிட்டுப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல மீசை பிடிக்காதா?"

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கே இது வியாபாரி. வீட்ல இது என் மாமியார்."

பணியாளர் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"மாஸ்டர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. உங்களை நம்பித்தான் சொல்றேன்."

"மாஸ்டர்கிட்டயா? மூச்சு விட மாட்டேன் சார்" என்று பணியாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இந்தச் சத்தியம் வரைக்கும் வந்து நின்ற கதைக்கு மூலகாரணம் ஒரு கேமரா.

கண்ணாடிக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை. ‘இது தெளிவா இருக்கா, இல்லே முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா’ என்று நாள் முழுக்க ஊரைக் கேட்டுக்கொண்டிருப்பவர். அந்த நம்பிக்கையில்தான் மச்சினியின் கல்யாணத்தில் அவர் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். அவரும் ஓடி ஓடி எடுத்தார். நாற்காலி மேலெல்லாம் ஏறி எடுத்தார். மாமியார் நல்ல உயரம். படங்களைக் கழுவிக் கொண்டுவந்து பார்த்தால், மற்ற எல்லோருக்கும் தலை இருந்தது. மாமியாருக்கு மட்டும் கழுத்தோடு படம் முடிந்திருந்தது.

"ஒண்ணு ரெண்டுன்னா கை தவறிடுச்சுன்னு விடலாம்" என்றார் மாமியார். "ரோல் முழுக்கவா?"

அவரிடம் நேரடியாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அப்புறம் வருஷக் கணக்கில் எல்லாம் மகள் வழியாகத்தான். அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். மாமியார் சமையலறை பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர் காலை எடுத்துக்கிட்டா நான் அந்தப் பக்கம் போவேன்" என்பார். சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, காலை எடுங்க" என்பாள். அவர் காலை எடுப்பார்.

அவருக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதையும் மனைவி வழியாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. மனைவிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

இந்த நிலையில் மாமியார் வீட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டு வேலை நடந்தது. வேலை முடிகிற வரை மகள் வீட்டில் இருக்கலாம் என்று பெட்டியோடு வந்தார். தூசியில் பிடித்த சளி விடவில்லை. தலையைச் சுற்றி மஃப்ளரைக் கட்டி, அதன் நுனியைத் தோளில் விட்டுக்கொண்டு வளைய வந்தார்.

கண்ணாடிக்காரர் எண்ணெய் வண்ண வகுப்பில் சேர்ந்ததும் அதே சமயத்தில்தான். மாஸ்டருக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். யார் சேர்ந்தாலும், எந்த நேரத்து வகுப்பில் சேர்ந்தாலும், முதல் படம் ஒரே படம்தான். எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ ஒரு மேதை வரைந்த ‘தானிய வியாபாரி’. தலையில் சுற்றிய துணி, தோள் வரை தொங்கும் அதன் நுனி, மென்மயிர் வைத்த கோட்டு, விரலில் மோதிரம், மூக்குக்குக் கீழே ஒரு கை நிறைய மீசை. அதன் அச்சுப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுவார். அதில் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் கட்டம் போட்டு, இரண்டையும் தலைகீழாக வைத்து, கட்டம் கட்டமாகப் பார்த்து எழுத வேண்டும்.

"முகம்னு நினைச்சா கை நடுங்கும். கட்டம்னு நினைங்க" என்பார் மாஸ்டர். "முதல்ல தோல். தோல் முழுசா முடிஞ்ச பிறகுதான் அதுக்கு மேல முடி. மீசை எப்பவும் கடைசியிலதான்."

வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. தோல் முடிந்து, மீசைக்குக் காத்திருந்த அந்த வாரத்தில், கண்ணாடிக்காரர் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, நேராகத் திருப்பி முன்னறையில் காய வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அச்சுப் பிரதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. கதவு மூடியிருந்தது.

திரும்பி வந்தால், படத்துக்கு முன்னால் மாமியார். துணி சுற்றிய தலை ஒன்று கேன்வாஸில். மஃப்ளர் சுற்றிய தலை ஒன்று அதற்கு எதிரில்.

"நானா இது?" என்றார் மாமியார்.

கண்ணாடிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். மனைவி இல்லை. அறையில் வேறு யாருமே இல்லை. அவரிடம்தான் கேட்டிருக்கிறார். நேராக!

"ஆமாம் அத்தை" என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"தலை முழுசா இருக்கே."

"இருக்கு அத்தை."

"மூக்குதான் கொஞ்சம் பெரிசா போயிடுச்சு. பரவாயில்லை மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது! அன்றைக்குச் சாப்பிடும்போது மாமியார் தன் கையால் பரிமாறினார். "போதுமா மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அவரையே கேட்டார். மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்றாள் பிறகு தனியாக.

விஷயத்தைச் சொன்னார். அலமாரியைத் திறந்து அச்சுப் பிரதியையும் காட்டினார். மனைவி மீசையையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இதை எப்ப வைப்பீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

"மீசை வெச்சா அம்மா போயிடுவாங்க. வெக்கலைன்னா மாஸ்டர் போயிடுவார். உங்களுக்கு யார் வேணும்னு முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவருக்கு இரண்டு பேருமே வேண்டியிருந்தது. மாஸ்டர் பாஸ் போட்டால்தான் அடுத்த வகுப்பில் உயிருள்ள ஆளை உட்கார வைத்து வரைய முடியும். மாமியாரை நிஜமாகவே உட்கார வைத்து, தலையோடு, ஒரு படம் வரைந்துவிட்டால் ஜென்மத்துக்கும் பிரச்சினை இல்லை என்பது அவர் கணக்கு. அதுவரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும்.

தள்ள விட்டால்தானே? மறுநாளே மாமியார் வந்து நின்றார். "என் இடது கன்னத்துல மச்சம் இருக்கே மாப்பிள்ளை, அதை விட்டுட்டீங்களே."

மச்சம் வைத்தார். சனிக்கிழமை வகுப்பில் மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"வியாபாரிக்கு மச்சம் எப்ப வந்துச்சு?"

"ஈ மாஸ்டர். ஈரத்துல உட்கார்ந்திருக்கு."

மாஸ்டர் உஃப் என்று ஊதினார். ஈ நகரவில்லை. பலமாக ஊதினார். "பலே ஈயா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கண்ணாடிக்காரர் அவசர அவசரமாக மச்சத்தைத் துடைத்தார். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடியும் வைத்தார். அவசரத்தில் கன்னம் மாறிவிட்டது.

"மச்சம் இந்தப் பக்கம் வந்துடுச்சே மாப்பிள்ளை?"

"முகம் பார்க்கிற கண்ணாடியில வெச்சுப் பார்த்து வரைஞ்சேன் அத்தை. அதுல இடது வலது மாறித்தான் தெரியும்."

"அப்படியா. கண்ணாடிக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமியார் ஒப்புக்கொண்டார்.

அடுத்து மாஸ்டர் மீசையைப் பிடித்துக்கொண்டார். தட்டிக் கழிக்க முடியவில்லை. அப்போது கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. வகுப்பில் மீசை வைப்பது, மாஸ்டர் பார்த்ததும் துடைத்துவிடுவது. இப்படித்தான் வாராவாரம் பிரஷ் கழுவும் தொட்டியடியில் நின்று மழிக்கிற பழக்கம் ஏற்பட்டது.

துடைத்தால் முழுசாகப் போய்விடுமா என்ன? மீசையின் கறுப்பு உதட்டின் சிவப்போடு கலந்து, அடியிலிருந்த தோலையும் இழுத்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே ஒரு சாம்பல் பட்டை நிரந்தரமாக நின்றுவிட்டது.

"உதட்டுக்கு மேல என்ன மாப்பிள்ளை கறை?"

"நிழல் அத்தை."

"மூக்குக்குக் கீழே மட்டும் சாயங்காலம் ஆயிடுச்சா?"

மாமியார் படத்தை நெருங்கிப் பார்த்தார்.

"நிழல்னா வெறும் கறுப்பை அப்பக் கூடாது. கொஞ்சம் பச்சை சேர்க்கணும்."

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"காலையில நடக்கப் போறேன்ல. அங்கே நாலு பேர் நாலு விஷயம் பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். அதன் நுனியில் பழுப்பு வண்ணம் ஒட்டியிருந்தது.

கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். படம் ஈரமாக இருக்கும்போது உரசியிருக்கிறது! "என் தப்புதான் அத்தை" என்று மஃப்ளரை வாங்கி, அன்று முழுக்க சோப்புப் போட்டுத் தேய்த்தார். மனைவி எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

இனி துடைக்கிற வேலை ஆகாது என்று தீர்மானித்து, கடையிலிருந்து மெல்லிய, நிறமில்லாத பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். மீசையை அதன் மேல் வரைந்து, ஓரத்தை வெட்டி, தேவைப்படும்போது ஒட்டிக்கொள்ளலாம். அளவு எடுத்து, மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்கு லென்ஸ் வெட்டுகிற நேர்த்தியோடு வெட்டினார். ஒட்டிப் பார்த்தால் அப்படியே பொருந்தியது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

மாஸ்டர் வந்து பார்த்து, "அடேயப்பா!" என்றார். "இந்த வாரம்தான் மீசை உட்கார்ந்திருக்கு. எங்கே, தலைகீழா வெச்சுப் பார்ப்போம்" என்று கேன்வாஸைத் தூக்கித் திருப்பினார். திருப்பி வைத்தபோது வியாபாரி மழுமழுவென்று இருந்தார்.

"மீசை எங்கே?"

கண்ணாடிக்காரருக்கும் அதுதான் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார். தன் சட்டையில் பார்த்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபோதுதான் அது அவருடைய முழங்கையில் இருப்பது தெரிந்தது. எடுக்கலாம் என்று கை நீட்டுவதற்குள் மாஸ்டர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வகுப்பு முழுக்க முழங்கையில் மீசையோடு நடந்து, ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டி ஆட்டித் தோலின் நிறத்தை விளக்கினார். ஒருவரும் தோலைக் கவனிக்கவில்லை.

கடைசியில் அதைத் தானே பார்த்துவிட்டு, பிய்த்தெடுத்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன?"

"மீசை மாஸ்டர்."

"ஒட்டு மீசையா? நாடகமா போடறோம் இங்கே?" மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை கண்காட்சி. எல்லா வகுப்பும் சேர்ந்து வைக்கிறோம். நிஜ மீசை இருந்தா உங்க படம் சுவத்துல. இல்லேன்னா உங்களுக்கு அடுத்த வகுப்பு கிடையாது. காலை வகுப்புல ஒருத்தங்க வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க. மீசைன்னா அது மீசை!"

கண்ணாடிக்காரர் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு இருந்த கவலைக்கு அடுத்தவர் மீசை ஒன்றுதான் குறைச்சல்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு இடி. "தரை வேலை முடிஞ்சுடுச்சாம் மாப்பிள்ளை. திங்கட்கிழமை கிளம்பறேன். படத்தை என்கூடவே எடுத்துட்டுப் போய் முன்னறையில மாட்டப் போறேன். சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். ‘எங்க மாப்பிள்ளை என்னைத் தலையோட வரைஞ்சிருக்கார், வந்து பாருங்க’ன்னு."

ஞாயிற்றுக்கிழமை மீசை இருக்க வேண்டும். திங்கட்கிழமை இருக்கக் கூடாது. நடுவில் ஒரு ராத்திரி. கண்ணாடிக்காரர் முழி பிதுங்கிப் போய் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்கேயாவது போகணுமா அத்தை?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கு வேற வேலை இருக்கு மாப்பிள்ளை. என் மகளையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே காரியத்தில் இறங்கினார். திங்கட்கிழமை வரை காயாமல், துடைக்க வரவேண்டுமே என்று, மீசைக்கான கறுப்பில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். ஊற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கண்காட்சிக் கூடத்தில் சுவர் முழுக்க வியாபாரிகள். ஒரே ஆள், ஒரே கோட்டு, ஒரே மோதிரம். சிலருக்கு ஒரு கண் சாய்ந்திருந்தது. ஒருவருக்குக் கழுத்தே இல்லை. கண்ணாடிக்காரரின் வியாபாரி நடுவில், நேர் விளக்கின் கீழே பளபளவென்று இருந்தார். மாஸ்டர் வந்து பார்த்தார்.

"பாஸ்" என்றார். "ஆனா மீசைக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் தேய்ச்சிருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். கண்ணாடிக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. விளக்குச் சூட்டில் மீசை இளகிவிட்டது. முதலில் இரண்டு முனைகளும் தொங்கின. பிறகு உதட்டைத் தாண்டி மோவாய்க்கு வந்தன.

"இந்த வியாபாரிக்குத் தாடி கூட இருக்கே" என்றார் பார்க்க வந்த ஒருவர்.

"இப்பதான் வளருது" என்றார் இன்னொருவர்.

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்து மோவாயில் அணை கட்டினார். மீசை கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்குள் இறங்கியது. நல்லவேளையாகப் பணியாளர் டர்பன்டைன் துணியோடு ஓடி வந்தார்.

"விடுங்க சார். உங்க மீசையைத் துடைக்கிறது இப்ப எனக்கும் பழகிடுச்சு."

"மாஸ்டர் பார்க்கிறாரா?"

"அவர் அந்தக் கோடியில ஒரு அம்மாகிட்டப் பேசிட்டு இருக்கார். நீங்க கவலைப்படாதீங்க."

கையெல்லாம் கறுப்போடு நிமிர்ந்த கண்ணாடிக்காரர் அப்போதுதான் பக்கத்துப் படத்தைப் பார்த்தார். முதல் பரிசு என்று அட்டை குத்தியிருந்தது. அதே வியாபாரிதான். கோட்டின் மென்மயிர் தொட்டால் மெத்தென்று இருக்கும் போலிருந்தது. மோதிரத்துக் கல்லில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. மோவாய்க்கு மேலே அருமையான உதடு. உதட்டுக்கு மேலே மீசை. நிழலில் லேசாகப் பச்சை கலந்து, முடி முடியாக எழுதிய மீசை. மாஸ்டர் சொன்னது இதைத்தான்.

மீசையோடு படம் முடிந்திருந்தது. மூக்கு இல்லை, கண் இல்லை, தலையே இல்லை. கேன்வாஸின் விளிம்புதான் இருந்தது.

"யார் வரைஞ்சது இது?"

"காலை வகுப்பு அம்மா சார். தலையில மஃப்ளர் கட்டிட்டு வருவாங்க. அதோ, மாஸ்டர்கூட நிக்கிறாங்களே, மக கூட வந்திருக்காங்க." பணியாளர் சட்டென்று தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க. மாஸ்டர்கிட்ட நான் மூச்சு விடலை. ஆனா அந்தம்மாகிட்ட மட்டும் உங்க மீசைக் கதையை வாராவாரம் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ‘நாளைக்கு அந்தக் கறையைப் பத்தி எப்படிக் கேக்கலாம்’னு என்கிட்டயே யோசனை கேப்பாங்க."

கூடத்தின் அந்தக் கோடியில் மஃப்ளர் கட்டிய உயரமான ஓர் உருவம் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். படத்தைக் கையால் காட்டினார். "இவ்வளவு நல்லா வரையத் தெரிஞ்சவங்க, தலையை ஏன் விட்டாங்க?"

"நானும் அதைத்தான் சார் கேட்டேன்" என்றார் பணியாளர். "‘எங்க மாப்பிள்ளை எடுத்தா இப்படித்தான் வரும்’னு சொன்னாங்க."